சமையல் செலவு குறைய: மொத்தமாக வாங்கவா, அன்றாடம் வாங்கவா, சேர்த்துச் சமைத்து உறையவைக்கவா?

ஆனை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும் என்பார்கள். அப்படி அசையாமல் தின்பதில் சமையலறைக்குப் பெரிய பங்கு உண்டு. அதைக் கொஞ்சம் குறைக்கலாம் என்று வாயைத் திறந்தால் போதும், ஆளுக்கொரு யோசனை வந்து விழும். மொத்தமாக வாங்கினால் மிச்சம் என்பார் ஒருவர். மொத்தமாக வாங்கித்தான் கெட்டோம், அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் வாங்கு என்பார் அடுத்தவர். விடுமுறை நாளில் வாரத்துக்கும் சேர்த்துச் சமைத்து ஃப்ரீசரில் அடுக்கிவிடு என்பார் மூன்றாமவர். டின் பயறு வேண்டாம், காய்ந்த பயறு வாங்கு, தோலை எறியாதே, அடுப்பை மாற்று. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வீட்டில் பலித்த யோசனைதான். உங்கள் வீட்டில் பலிக்குமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

என்னைக் கேட்டால், எல்லா யோசனைகளையும் நிறுத்துப் பார்க்க ஒரே தராசு போதும். கொடுத்த காசை, வாங்கிய எடையால் வகுக்காமல் சாப்பிட்ட எடையால் வகுத்துப் பாருங்கள். கிலோ என்ன விலை என்பது கடைக்காரரின் கணக்கு. வயிற்றுக்குள் போன ஒரு கிலோவுக்கு எவ்வளவு செலவானது என்பது வீட்டின் கணக்கு.

இந்த இரண்டு கணக்கும் எவ்வளவு விலகி நிற்கின்றன என்பதற்கு ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கையில் விடை இருக்கிறது. 2022-இல் உலகம் முழுக்க சுமார் 105 கோடி டன் உணவு வீணாகியிருக்கிறது. நுகர்வோருக்குக் கிடைத்த உணவில் இது 19 சதவீதம். இதில் உணவகங்களின் பங்கு 28 சதவீதம், கடைகளின் பங்கு 12. மிச்சம் 60 சதவீதமும் நம்மைப் போன்றவர்களின் வீடுகளில். ஆளுக்கு வருடத்துக்குச் சராசரியாக 79 கிலோ. தோல், கொட்டை, எலும்பும் இதில் சேர்த்திதான். அதைக் கழித்தாலும் சின்னத் தொகை இல்லை. பணக்கார நாடுகளின் வியாதி இது என்று ஒதுக்கவும் முடியாது. உயர் வருமான நாடுகளுக்கும் நடுத்தர வருமான நாடுகளுக்கும் வீட்டு வீணில் உள்ள வித்தியாசம் ஆளுக்கு 7 கிலோ அளவுதான் என்கிறது அதே அறிக்கை.

முதலில் தொட்டியைப் பாருங்கள்

எந்த வழி சரி என்று முடிவெடுக்கும் முன், குப்பையில் விழுவதை இரண்டு வாரத்துக்கு ஒரு தாளில் குறித்து வையுங்கள். என்ன பொருள், தோராயமாக எவ்வளவு, ஏன் விழுந்தது. தராசு வேண்டாம், 'கீரை பாதிக் கட்டு, வாடியது', 'சோறு ஒரு கிண்ணம், மிஞ்சியது' என்ற அளவுக்கு இருந்தால் போதும். வீட்டில் யார் எறிந்தாலும் எழுத வேண்டும் என்பதுதான் இதில் கஷ்டமான பகுதி.

எழுதி முடித்தால் தொட்டி மூன்றில் ஒரு வகையாக இருக்கும். சமைக்காமலேயே அழுகிய காய், பழம், கீரை ஒரு வகை. அது வாங்குவதில் உள்ள கோளாறு. ஆக்கி மிஞ்சிக் கொட்டியது இன்னொரு வகை. அது அளவில் உள்ள கோளாறு. அலமாரியின் பின்வரிசையில் வண்டு விழுந்த மாவு, தேதி கடந்த பாக்கெட் மூன்றாவது. அது கண்ணில் படாததால் வந்த கோளாறு. முதல் வகை வீட்டுக்காரர் வாரச் சமையலை ஒரே நாளில் ஆக்கி வைக்க ஆரம்பித்தால் செலவு குறையும். இரண்டாவது வகை வீட்டுக்காரர் அதையே செய்தால் மிச்சம் இன்னும் பெரிய பாத்திரத்தில் நிற்கும். ஒரே யோசனை இரு வீடுகளில் எதிரெதிராக வேலை செய்வது இதனால்தான்.

மூன்றாவது வகைக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பழையதை முன்னால் நகர்த்தி, புதியதைப் பின்னால் வையுங்கள். கண்ணாடிப் புட்டியோ உள்ளே தெரியும் டப்பாவோ உதவும். தேதியை மட்டும் சரியாகப் படியுங்கள். 'இந்தத் தேதிக்குள் பயன்படுத்தவும்' என்பது பாதுகாப்பைப் பற்றியது. இறைச்சி, மீன் போன்றவற்றில் அதை மீறக் கூடாது. 'இந்தத் தேதிக்கு முன் சிறப்பு' என்பது சுவையையும் மொறுமொறுப்பையும் பற்றியது. அந்தத் தேதி கடந்த பிஸ்கட்டும் காய்ந்த பயறும் விஷமாகிவிடுவதில்லை. இரண்டையும் ஒன்றாக நினைத்து நல்ல பொருளைக் கொட்டுகிறவர்கள் ஏராளம்.

மொத்தம், வாரம், அன்றாடம்

மொத்தமாக வாங்குவதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. மனதில் வைத்துக்கொண்டால் கடையில் நின்றபடியே முடிவெடுக்கலாம். பெரிய பொட்டலம் எத்தனை சதவீதம் மலிவோ, அத்தனை சதவீதம் வீணானால் லாபம் பூஜ்யம். 20 சதவீதத் தள்ளுபடியில் வாங்கிய பையில் ஐந்தில் ஒரு பங்கு கெட்டால், சிறிய பொட்டலம் வாங்கியிருந்தாலும் அதே செலவுதான். அதற்கு மேல் கெட்டால் தள்ளுபடியே நஷ்டம். 'இரண்டின் விலைக்கு மூன்று' இன்னும் தந்திரமானது. உங்களுக்கு இரண்டு வேண்டியிருந்து மூன்றாவது அழுகினால் காசு போகவில்லை, குப்பை மட்டும் கூடுகிறது. ஒன்றுதான் வேண்டியிருந்தது என்றால் இரண்டு மடங்கு கொடுத்துவிட்டீர்கள்.

ஆகவே மொத்தக் கொள்முதல் என்பதை வீடு முழுவதற்குமான கொள்கையாக வைத்துக்கொள்ளக் கூடாது. பொருளுக்குப் பொருள் முடிவெடுக்க வேண்டியது அது. அரிசி, காய்ந்த பயறு, உப்பு, சர்க்கரை மாதக் கணக்கில் தாங்கும். காற்றுப் புகாத டப்பா இருந்தால் தாராளமாக மொத்தமாக வாங்கலாம். வண்டு பயம் இருந்தால் வாங்கியதும் ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் நான்கு நாள் வைத்து எடுத்தால் முட்டையோடு சாகும். டப்பாவில் கொட்டும் முன் அறை வெப்பநிலைக்கு வரட்டும், இல்லாவிட்டால் வியர்த்து ஈரம் கோக்கும். முழுத் தானிய மாவு அப்படியில்லை. முளைப்பகுதியின் எண்ணெய் அதில் கலந்திருப்பதால் தீட்டிய மாவைவிடச் சீக்கிரம் காறிப்போகும். பாதாம் மாதிரியான கொட்டைகளுக்கும் அதே குணம். எண்ணெய்க்கு வெளிச்சமும் சூடும் ஆகாது. அடுப்பு ஓரத்தில் நிற்கும் பெரிய கேன் மலிவாக வாங்கியதாகவே இருந்தாலும் நல்ல இடத்தில் இல்லை. மிளகை முழுதாக வாங்கினால் மணம் பல மாதம் நிற்கும், பொடியாக வாங்கினால் நிற்காது.

அன்றாடம் வாங்குவது இதற்கு நேர் எதிர். வீண் குறைவு, விலை கூடுதல். கடைக்கு நடந்து போகும் தூரம் என்றால், சமைப்பவருக்கு நேரமும் இருந்தால், காய்கறிக்கு இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் ஒவ்வொரு முறை கடைக்குள் நுழையும்போதும் பட்டியலில் இல்லாத ஒன்றாவது கையோடு வரும். அது பசியோடு போனால் இரண்டாகும். வண்டி எடுத்துப் போக வேண்டிய தூரம் என்றால் எரிபொருளையும் காயின் விலையோடு சேர்த்துக் கொள்ளுங்கள். கணக்கு அங்கேயே உடைந்துவிடும்.

இவற்றுக்கு நடுவில் இருப்பது வாரம் ஒருமுறை, திட்டத்தோடு வாங்குவது. பெரும்பாலான வீடுகளுக்கு இதுதான் பொருந்தும் என்பது என் எண்ணம். ஆனால் திட்டம் என்றதும் ஏழு நாளுக்கும் மூன்று வேளைக்கும் கட்டம் போட்டு எழுதுவார்கள், அதுதான் தவறு. அந்தக் கட்டம் மூன்றாம் நாளே உடையும். ஒரு நாள் களைப்பில் வெளியே சாப்பிடுவோம், ஒரு நாள் யாராவது வருவார்கள், ஒரு நாள் நேற்றையது மிஞ்சியிருக்கும். வாரத்தில் ஐந்து நாளுக்குத் திட்டமிட்டு இரண்டு நாளை வெறுமனே விட்டால் இவ்வளவுக்கும் இடம் கிடைக்கும். வெறுமனே விட்ட நாளில் ஒன்றைக் கடைக்குப் போகும் முந்திய நாளாக வைத்துக்கொண்டு, ஃப்ரிட்ஜில் இருப்பதை மட்டும் வைத்துச் சமைத்தால் அடுத்த வாரம் காலித் தட்டில் தொடங்கும்.

என்ன சமைப்பது என்பதைவிட எந்த வரிசையில் சமைப்பது என்பதுதான் வாரத் திட்டத்தின் உயிர். வாங்கிய அன்றும் மறுநாளும் கீரை, காளான், பழுத்த தக்காளி. அடுத்து பீன்ஸ், வெண்டை, கத்தரி, காலிஃபிளவர். வாரக் கடைசிக்கு கேரட், முட்டைக்கோஸ், பூசணி, உருளை, வெங்காயம். ஒரே பை காயை, ஒரே காசுக்கு வாங்கி, இந்த வரிசையைத் தலைகீழாகச் சமைத்தால் பாதிக் கீரை குப்பைக்குப் போகும்.

வைக்கும் இடமும் அப்படித்தான். ஆப்பிள், வாழை, தக்காளி, மாம்பழம் எல்லாம் பழுக்கும்போது எத்திலீன் என்ற வாயுவை விடும். அந்த வாயு பக்கத்தில் இருக்கும் கீரையை மஞ்சளாக்கும், வெள்ளரியை இளக்கும், கேரட்டைக் கசக்க வைக்கும். ஃப்ரிட்ஜின் காய்த் தட்டில் ஆப்பிளையும் கேரட்டையும் சேர்த்துப் போட்டுவிட்டு 'இந்தக் கேரட் ஏன் கசக்கிறது' என்று கடைக்காரரைத் திட்டுவதில் நியாயமில்லை. உருளையும் வெங்காயமும் இருட்டும் காற்றும் உள்ள இடத்தில் இருக்க வேண்டும், ஆனால் ஒன்றாக அல்ல. சேர்த்து வைத்தால் இரண்டும் சீக்கிரம் கெடும். உருளை ஃப்ரிட்ஜுக்கும் ஆகாது. குளிரில் அதன் மாவு சர்க்கரையாக மாறி, பொரிக்கும்போது சீக்கிரம் கறுக்கும்.

கீரைக்கட்டை வாங்கி வந்ததும் அப்படியே ஃப்ரிட்ஜில் சொருகுவதுதான் பல வீட்டு வழக்கம். அழுகல் எங்கே தொடங்குகிறது என்று ஒருமுறை பிரித்துப் பாருங்கள்: கட்டு இறுக்கிய இடத்தில், நசுங்கிய தண்டுகளுக்கு நடுவில், ஈரம் தேங்கிய உள்பக்கத்தில். வெளியே பச்சையாக இருக்கும்போதே உள்ளே வழவழத்துவிடும். கட்டை அவிழ்த்து, பழுத்ததையும் நசுங்கியதையும் எடுத்துவிட்டு, கழுவாமல் உலர்ந்த துணியில் தளர்வாகச் சுற்றி டப்பாவில் வைத்தால் பல நாள் கூடுதலாக நிற்கும். துணி நனைந்தால் மாற்ற வேண்டும். இதற்கு ஐந்து நிமிடம் ஆகும். எந்தத் தள்ளுபடியைவிடவும் லாபமான ஐந்து நிமிடம்.

பச்சையாக, உறைந்ததாக, காய்ந்ததாக, டின்னில்

உறைந்த காய்கறி மேல் பலருக்கு ஓர் இளக்காரம் உண்டு. பட்டாணியை எடுத்துக்கொண்டால், பறித்த சில மணி நேரத்தில் வெந்நீரில் முக்கி எடுத்து உறையவைக்கிறார்கள்; சத்தில் பெரிய இழப்பு இல்லை. ஊர் சுற்றிக் கடைக்கு வந்து, கடையில் கிடந்து, பிறகு நம் ஃப்ரிட்ஜில் கிடக்கும் பச்சைப் பட்டாணியோடு ஒப்பிட்டால் சில சமயம் உறைந்ததே மேல். சாப்பிட்ட எடையால் வகுக்கும் கணக்கில் அதற்கு இன்னொரு பலம்: ஒரு கைப்பிடி வேண்டுமானால் ஒரு கைப்பிடி எடுக்கலாம், தோலும் இல்லை, அழுகலும் இல்லை. தனியாக இருப்பவருக்கு இது பெரிய வசதி. நறுக்கி விற்கும் காயை அந்த வரிசையில் சேர்க்காதீர்கள். வெட்டிய பரப்பு காற்றில் பட்டுச் சீக்கிரம் கெடும், விலையும் கூடுதல்.

பயறு வகையில் போட்டி காய்ந்ததற்கும் டின்னுக்கும். 400 கிராம் டின்னை வடித்தால் ஏறக்குறைய 240 கிராம் பயறு கிடைக்கும். அதே அளவுக்கு வேக வைக்கக் காய்ந்த பயறு 100 கிராம் போதும். கடையில் இரண்டின் விலையையும் இந்த விகிதத்தில் ஒப்பிடுங்கள். டின்னின் எடையோடு ஒப்பிட்டால் ஏமாறுவீர்கள். எரிபொருளைச் சேர்த்தாலும் காய்ந்ததே பெரும்பாலும் மலிவு. அதன் பலவீனம் ஒன்றுதான், முந்திய இரவே நினைவு வர வேண்டும். நினைவு வராத அன்று வெளியே சாப்பிட்டுவிடுவோம் என்றால் அலமாரியில் இரண்டு டின் வைத்திருப்பது சிக்கனத்துக்கு விரோதமில்லை.

சிவப்பு ராஜ்மா பயறில் மட்டும் எச்சரிக்கை தேவை. அதில் உள்ள ஒரு நச்சுப் புரதம் நன்றாகக் கொதித்தால்தான் அழியும். ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டி, புது நீரில் தளதளவென்று கொதிக்க வேண்டும். குறைந்தது 10 நிமிடம் என்பார்கள். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 30 நிமிடம் என்கிறது. மெல்லிய சூட்டில் மணிக்கணக்கில் வேகவைக்கும் மின்பாத்திரத்தில் பச்சையாகப் போட்டால் அந்த நச்சு போகாது.

அன்றன்று சமைப்பதும் சேர்த்துச் சமைப்பதும்

சேர்த்துச் சமைத்து உறையவைக்கும் வழிக்கு ஆதரவாளர்கள் அதிகம். பாதிப் பேர் இரண்டு மாதத்தில் கைவிட்டிருப்பார்கள் என்றே நினைக்கிறேன். காரணம் சலிப்பு. ஒரே பயறுக் கறியை வாரத்தில் நான்கு முறை சாப்பிட யாருக்கும் மனம் வராது. மூன்றாம் நாள் அது பின்னால் தள்ளப்படும், ஏழாம் நாள் கொட்டப்படும். முழுச் சாப்பாட்டை ஆக்கி அடுக்குவதற்குப் பதிலாக, பாதிச் சமையலை உறையவைத்தால் இந்தச் சலிப்பு இல்லை. வேகவைத்த பயறு, வதக்கிய வெங்காயம் தக்காளி, எலும்போ காயோ போட்டுக் கொதிக்கவைத்த சாறு, துண்டு போட்ட ரொட்டி. இவற்றை ஒரு வேளைக்கு ஒரு டப்பா என்று பிரித்து வைத்தால் ஒவ்வொரு நாளும் வேறு சாப்பாடாக மாற்றலாம். நேரமும் எரிபொருளும் மிச்சமாவது வேகவைக்கும் கட்டத்தில்தான். அது இதிலும் கிடைத்துவிடுகிறது.

எல்லாமும் உறைவதற்கு ஏற்றதல்ல. வேகவைத்த உருளை மணல் மணலாகும். அவித்த முட்டையின் வெள்ளை ரப்பராகும். வெள்ளரி துவண்டு நீர் விடும். பீன்ஸ் போன்ற பச்சைக் காயை உறையவைக்க வேண்டுமானால் கொதிநீரில் இரண்டு மூன்று நிமிடம் போட்டு, எடுத்ததும் குளிர்ந்த நீரில் முக்கி, ஈரம் போக உலர்த்திய பிறகு வைக்க வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் காயின் நொதிகள் ஃப்ரீசருக்குள்ளேயே மெதுவாக வேலை பார்த்து நிறத்தையும் மணத்தையும் கெடுக்கும். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும் என்பதால் டப்பாவை விளிம்பு வரை நிரப்பக் கூடாது. மேலே பெயரும் தேதியும் எழுதாத டப்பா குப்பைக்குப் போகத் தயாராக நிற்கும் டப்பா.

பணம் மிச்சம் பிடிக்கப்போய் வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்கச் சில எண்கள் நினைவில் இருக்கட்டும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். ஆக்கியதை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே விடக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. பெரிய பாத்திரத்தோடு வைத்தால் நடுப்பகுதி ஆற வெகுநேரம் பிடிக்கும். அகலமான, ஆழமில்லாத டப்பாக்களில் பிரித்து வையுங்கள். ஃப்ரிட்ஜில் மிச்சச் சாப்பாடு மூன்று, நான்கு நாள். மைனஸ் 18 டிகிரியில் மாதக் கணக்கில் கெடாது, சுவைதான் குறையும். உறைந்ததை வெளியே வைத்துக் கரையவிடாமல் முந்திய இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைப்பது நல்லது.

சோற்றுக்கு மட்டும் இன்னும் கடுமையான விதி. அரிசியில் இருக்கும் பேசில்லஸ் செரியஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதிப்பதில் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாக வெளியே கிடந்தால் அவை முளைத்து நச்சை உண்டாக்கும். வாந்தி வரவைக்கும் அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. ஆகவே சோற்றை ஒரு மணி நேரத்துக்குள் ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாளுக்குள் தீர்த்துவிடுவது பிரிட்டன் உணவுத் தர முகமை சொல்லும் வழி. அதற்கு மேல் வேண்டுமானால் அன்றே ஃப்ரீசருக்கு.

மிச்சத்தை வேறு பதார்த்தமாக மாற்றும் குறிப்புகள் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஒரு கிண்ணம் சோற்றைக் காப்பாற்ற நான்கு முட்டை, எண்ணெய், குடமிளகாய், சாஸ் எல்லாம் சேர்த்துப் புதுச் சமையல் செய்கிறோம். அது ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பதிலாக வந்தால் லாபம். சாப்பாட்டுக்கு மேல் கூடுதல் பதார்த்தமாக வந்தால் செலவு. ஆக்கி மிஞ்சும் வீட்டுக்கு முதல் மருந்து ஓர் அளவுக் கோப்பை. காய்ந்த அரிசி வெந்தால் எடையில் இரண்டரை முதல் மூன்று மடங்கு ஆகும். கண்ணளவில் போடும்போது 'இன்னும் ஒரு கை' என்று போடும் அந்தக் கைதான் மிஞ்சுகிறது. ஆளுக்கு எவ்வளவு போட்டால் பானை காலியாகிறது என்று ஒரு வாரம் பார்த்துக் கோப்பையில் கோடு போட்டுவிட்டால் பிறகு யோசிக்கவே வேண்டாம். தட்டிலும் முதல் முறை குறைவாகப் பரிமாறி, வேண்டுமென்றால் மறுமுறை போடுவது மேல். பானையில் மிஞ்சியதை நாளைக்கு வைக்கலாம், எச்சில் தட்டில் மிஞ்சியதை வைக்க முடியாது.

அடுப்பு விஷயம்

எரிபொருளில் மிச்சம் பிடிக்க அடுப்பை மாற்றத்தான் வேண்டும் என்றில்லை. ஒரு லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறக்குறைய 335 கிலோ ஜூல் வெப்பம் வேண்டும். அதே தண்ணீரை முழுக்க ஆவியாக்க 2,250-க்கு மேல். ஆறு மடங்குக்கும் கூடுதல். திறந்த பாத்திரத்தில் தளதளவென்று கொதிக்கும் நீர், மூடி போட்டு மெல்லக் கொதிக்கும் நீரைவிடச் சூடானதில்லை. இரண்டும் 100 டிகிரிதான். காய் ஒரே வேகத்தில்தான் வேகும். தீயை ஏற்றி வைத்தால் கூடுதல் காசெல்லாம் ஆவியாகக் கூரைக்குப் போகிறது. கொதி வந்ததும் தீயைத் தணித்து மூடி போடுவது, வேண்டிய அளவே தண்ணீர் வைப்பது, பயறை ஊறவைப்பது: மூன்றும் இலவசம்.

காசு கொடுத்து வாங்குவதில் முதலில் நிற்பது பிரஷர் குக்கர். வளிமண்டலத்தைப் போல இரு மடங்கு அழுத்தத்தில் உள்ளே 120 டிகிரி வரை போகும். மணிக்கணக்கில் வேகும் பயறும் இறைச்சியும் அதைவிட வெகு குறைந்த நேரத்தில் வெந்துவிடும். ஐந்து நிமிடத்தில் வேகும் காய்க்கு அதை எடுப்பதில் லாபம் இல்லை. மிச்சத்தைச் சூடாக்க மைக்ரோவேவ் சிக்கனமானது, பெரிய அளவு சமைக்க அல்ல. ஒரு சின்னத் தட்டுக்காக ஓவனைச் சூடாக்குவதுதான் எல்லாவற்றிலும் மோசமான செலவு.

இண்டக்ஷன் அடுப்பு, மின்சாரத்தில் சுமார் 85 சதவீதத்தைப் பாத்திரத்துக்குக் கொடுக்கும், எரிவாயுவில் அதைவிடக் குறைவாகத்தான் பாத்திரத்தில் ஏறும் என்பது உண்மை. ஆனால் திறன் வேறு, பில் வேறு. ஒரு யூனிட் வெப்பத்துக்கு மின்சாரம் உங்களிடம் வாங்குவதும் எரிவாயு வாங்குவதும் ஒரே தொகை இல்லையே. அந்த விகிதத்தைப் பார்க்காமல், பாத்திரங்களையும் சேர்த்து மாற்றி, சிக்கனம் செய்ததாகச் சொல்லிக்கொள்வது அவசரம். பழைய அடுப்பு தேய்ந்து மாற்றும் நேரம் வந்தால் அப்போது யோசிக்கலாம்.

தோலும் தண்டும்

இந்தப் பகுதிக்குத்தான் எல்லாரும் அதிகம் மெனக்கெடுகிறார்கள், கிடைப்பதோ கொஞ்சம். புரோக்கோலித் தண்டு, காலிஃபிளவர் இலை, முள்ளங்கிக் கீரை, பீட்ரூட் கீரை எல்லாம் காசு கொடுத்து வாங்கிய நல்ல சாப்பாடு. அவற்றைச் சமைப்பது நியாயமான சிக்கனம். உருளைத் தோலை எண்ணெயில் பொரித்துத் தின்பது அப்படியல்ல. தோலின் மதிப்பைவிட எண்ணெயின் மதிப்பு கூடுதல். கேரட், உருளையைத் தேய்த்துக் கழுவித் தோலோடு சமைத்துவிட்டால் அந்தப் பேச்சே எழாது. பச்சை படர்ந்த உருளையும் முளை விட்ட பகுதியும் மட்டும் விதிவிலக்கு. அவற்றில் சோலனைன் என்ற நச்சு சேர்ந்திருக்கும். வெட்டி எறியத்தான் வேண்டும். முழுக்கப் பச்சையாகியிருந்தால் முழுக்க. பூஞ்சை பிடித்த ரொட்டியிலும் பிடித்த இடத்தை மட்டும் கிள்ளி எடுத்துப் பயனில்லை, இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஓடியிருக்கும். உரமாக்குவது நல்ல காரியம், ஆனால் அது கடைசிப் படி. முழுத் தக்காளியை உரக்குழியில் போட்டால் மண்ணுக்கு லாபம், வீட்டுக் கணக்கில் அது இன்னும் நஷ்டம்தான்.

யாருக்கு எது?

தனியாக இருப்பவர், வேலை நேரம் நிச்சயமில்லாதவர்: காயில் பாதியை உறைந்ததாக வாங்குங்கள், பச்சைக் காயைச் சின்ன அளவில் அவ்வப்போது வாங்குங்கள், குடும்ப அளவுப் பொட்டலங்களைத் திரும்பிப் பார்க்காதீர்கள். அரிசி, பயறு மட்டும் மொத்தமாக. முட்டைக்கோஸ் முழுதாக வாங்கினால் அரை விலைதான் என்று தெரிந்தாலும், மறுபாதி அழுகும் என்று தெரிந்தால் பாதிக் காய்க்குக் கூடுதல் விலை கொடுப்பதில் கூச்சம் வேண்டாம்.

நான்கைந்து பேர் உள்ள வீடு, ஒருவர் முழுநேரமும் சமையலைக் கவனிக்கிறார் என்றால்: வாரக் கொள்முதல், ஐந்து நாள் திட்டம், அன்றன்றைய சமையல், அளவுக் கோப்பை. ஃப்ரீசர் இங்கே பயறுக்கும் ரொட்டிக்கும் மட்டும் போதும்.

இருவரும் வேலைக்குப் போகும் வீடு: இங்கேதான் சேர்த்துச் சமைப்பது உண்மையில் பலன் தரும். மிச்சமாவது காயின் விலை மட்டுமல்ல. களைத்து வந்த இரவில் வெளியே ஆர்டர் செய்யும் சாப்பாட்டின் விலையும். இந்த வீட்டுக்காரர் தொட்டிப் பட்டியலோடு அந்த ஆர்டர்களையும் எழுதிப் பார்க்க வேண்டும். அதற்காக இரண்டாவதாக ஒரு பெரிய ஃப்ரீசர் வாங்கலாமா என்ற கேள்வி வரும். இருக்கிற ஃப்ரீசரில் இன்னொரு டப்பா வைக்கக் கூடுதல் மின்சாரம் பெரிதாக ஆகாது. புதிய ஒன்று வருடம் முழுக்க, காலியாக இருந்தாலும், ஓடிக்கொண்டிருக்கும். இருப்பதை இரண்டு மாதம் நிரப்பிக் காலி செய்து பார்த்து, அப்போதும் இடம் போதவில்லை என்றால் வாங்குங்கள்.

ஃப்ரிட்ஜே இல்லாத வீட்டுக்கும் மின்சாரம் அடிக்கடி போகும் இடத்துக்கும் மேலே சொன்னதில் பாதி பொருந்தாது. நிரம்பிய ஃப்ரீசர் கதவைத் திறக்காமல் விட்டால் 48 மணி நேரம், பாதி நிரம்பியது 24 மணி நேரம், ஃப்ரிட்ஜ் 4 மணி நேரம் தாங்கும். அதற்கு மேல் வெட்டு நீளும் இடத்தில் ஃப்ரீசரை நம்பிச் சமைப்பது சூதாட்டம். அங்கே உலர்ந்த பொருள் மொத்தமாகவும், காய் அன்றாடமும், ஒரு வேளைக்கு மட்டும் அளந்த சமையலும்தான் கணக்குக்கு வரும். பிள்ளைகள் பள்ளிவிட்டு வரும் நேரத்துக்கு ஏற்ப உலை வைக்கும் நேரத்தை மாற்றினால், காலையில் ஆக்கியது மாலை வரை காத்துக் கிடக்கவும் வேண்டியதில்லை.